தன்னைத் தானே எண்ணும் வளையம்

சென்ற மாதம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "விளங்கினது போலவும் இருக்கு, விளங்காதது போலவும் இருக்கு, ஒருக்கால் எழுத்திலை தாங்கோ" என்று தொலைபேசியில் கேட்டவர்கள் பலர். வானொலியில் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம், நடுவில் பாட்டு வேறு. இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணமானவர் என் மாமி, மனைவியின் தாயார். வயது எழுபத்தாறு. ஒரு கலியாண வீட்டுக்காக யாழ்ப்பாணம் போய் இரண்டு மாதம் நின்றுவிட்டு ஒடென்ஸவுக்குத் திரும்பி வந்தார். வந்து பத்து நாட்களில் குளிரும் காய்ச்சலும், சலம் போகும்போது எரிவும். வீட்டு வைத்தியர் வழக்கமான குளிசையைக் கொடுத்தார். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. சலத்தைப் பரிசோதித்தபோது ஈ.கோலை என்ற பற்றீரியா என்றும், அது "ஈ.எஸ்.பி.எல்." வகை என்றும் முடிவு வந்தது. பென்சிலின் குடும்பத்து மருந்துகளில் பெரும்பாலானவற்றை உடைத்துப் போடும் நொதியம் ஒன்று அந்தக் கிருமியிடம் இருக்கிறது என்பது அதன் பொருள். ஆஸ்பத்திரியில் படுத்து, நாளத்தின் வழியாக மருந்து ஏற்றித்தான் சுகமானார்.

அங்கே வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "அண்மையில் வெளிநாடு போனீர்களா?" என்பதுதான். மொழிபெயர்த்துச் சொன்ன எனக்கே முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. மாமிக்கு அதைவிட. "எங்கடை கிணத்துத் தண்ணியையோ தம்பி குறை சொல்லுறார்?" என்று கேட்டார். அதற்குப் பதில் கடைசியில் வருகிறது. அடுத்த நாள் மாமி கேட்ட இன்னொரு கேள்வியைத்தான் நான் வானொலிக்குக் கொண்டுவந்தேன்.

"இந்தக் கிருமிக்கு மருந்தை முறிக்கிற வித்தையை ஆர் குடுத்தது?"

வேறொரு கிருமி கொடுத்திருக்கும் மாமி, அது ஒரு சின்ன வளையம், ஒரு கிருமியிலிருந்து மற்றதுக்குப் போகும் என்று சொன்னேன்.

"அவ்வளவு நல்ல சாமானெண்டால், ஒண்டு இரண்டோடை ஏன் நிக்குது? ஆயிரம் செய்து வைச்சிருக்கலாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் விஞ்ஞானி அல்ல. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்குச் சில புள்ளிகள் காணாமல் நின்று, பிறகு நாட்டு நிலைமையால் 1986இல் டென்மார்க்குக்கு அகதியாக வந்தவன். முதல் நான்கு வருடம் துப்புரவு வேலை. அதற்குப் பிறகு இங்கே லபோரன்ட் என்று சொல்கிற ஆய்வுகூட உதவியாளர் படிப்பை முடித்து, ஓய்வு பெறும்வரை பற்றீரியா வளர்த்ததும் அதிலிருந்து பிளாஸ்மிட் பிரித்ததுமே என் தொழில். மாமி கேட்டது, எங்கள் ஒடென்ஸப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வருடக்கணக்காக இருந்து விடை தேடிய கேள்வி. மாமி ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

முதலில் அந்த வளையத்தைப் பார்ப்போம். ஈ.கோலையின் முழுப் பரம்பரைத் தகவலும் ஏறக்குறைய 46 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. அதைத் தவிர, கலத்துக்குள்ளே தனியாகச் சில சிறிய வளையங்களும் இருக்கலாம். 1952இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோசுவா லெடர்பேர்க் இவற்றுக்கு பிளாஸ்மிட் என்று பெயர் வைத்தார். இவை இல்லாமலும் கிருமி சீவிக்கும். ஆனால் மருந்தை எதிர்க்கும் பரம்பரை அலகுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வளையங்களில்தான் பயணம் செய்கின்றன. 1950களின் கடைசியில் யப்பானில் வயிற்றுளைவுக் கிருமிகள் ஒரே தடவையில் பல மருந்துகளுக்கு அடங்காமல் போனபோதுதான், இந்த எதிர்ப்புச் சக்தி ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது என்பது தெரியவந்தது. இலண்டனில் நயோமி டாட்டா என்ற பெண் வைத்தியர் 1962இல் அங்குள்ள சல்மனெல்லாக் கிருமிகளிலும் அதையே காட்டினார். அந்தக் காலத்தில் இலண்டனில் சல்மனெல்லாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பிளாஸ்மிட்டுக்கு ஆர்-1 என்று பெயர். அம்பிசிலின், குளோரம்பெனிக்கோல், கனமைசின், ஸ்ரெப்ரோமைசின், சல்பா மருந்து, ஐந்துக்கும் எதிர்ப்பு அந்த ஒரே வளையத்தில். இந்த ஆர்-1தான் பின்னர் ஒடென்ஸவுக்கு வந்து சேர்ந்தது.

மாமியின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் சொல்லலாம். ஆயிரம் வளையம் வைத்திருந்தால் ஆயிரத்தையும் கிருமிதான் பிரதி எடுக்க வேண்டும், அவற்றில் எழுதியிருக்கும் புரதங்களையும் அதுதான் செய்ய வேண்டும். ஆர்-1 சிறிய வளையமும் அல்ல, கிட்டத்தட்ட ஒரு இலட்சம் எழுத்து. அளவுக்கு மிஞ்சினால் வீட்டுக்காரன் தேய்ந்து போவான், பக்கத்தில் வளையமில்லாத கிருமிகள் அவனை முந்திப் பெருகிவிடும். குறைந்தாலும் ஆபத்து. கலம் இரண்டாகப் பிரியும்போது ஒரு பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை ஆய்வுகூடத்தில் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். 1979இல் ஒடென்ஸவில் கேர்ட் நோர்ட்ஸ்ட்ரோம் என்ற சுவீடன்காரரின் குழு, ஆர்-1இலிருந்து ஒரு விசித்திரமான பிளாஸ்மிட்டை உருவாக்கியது. 30 பாகை வெப்பநிலையில் அது அடக்கமாக இருக்கும். வெப்பநிலையைச் சற்று உயர்த்தினால் எண்ணிக்கைக் கட்டுப்பாடு அறுந்து, நிற்காமல் பெருகத் தொடங்கும். சில மணி நேரத்தில் கலத்தின் டி.என்.ஏ.யில் பெரும்பங்கு அந்த வளையமாகவே ஆகி, கலம் வளர்வதையே நிறுத்திவிடும். கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி.

ஆகவே கடிவாளம் ஒன்று இருக்கிறது. சாதாரண ஆர்-1, ஒரு பெரிய வளையத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில் நிற்கும். கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. எப்படி எண்ணுகிறது?

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். நீங்கள் குசினியில் நிற்கிறீர்கள். பிள்ளைகள் உள்ளறையில். எட்டிப் பார்க்காமலே உள்ளே இரண்டு பேரா, பத்துப் பேரா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்குக்குச் சத்தம் போடுகிறது, மொத்தச் சத்தம் எண்ணிக்கையைச் சொல்கிறது. பிளாஸ்மிட்டும் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு வளையமும் ஓயாமல் ஒரு சிறிய பொருளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பொருளின் வேலை, பிரதி எடுப்பதைத் தடுப்பது. வளையங்கள் கூடினால் தடுப்பும் கூடும், பிரதி எடுப்பது குறையும். இப்படி ஒரு தடுப்பான் இருக்கத்தான் வேண்டும் என்று பிரிச்சாட், பார்த், கொலின்ஸ் என்ற மூவர் 1969இலேயே எழுதிவிட்டார்கள். அது ஒரு புரதமாகத்தான் இருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அந்தக் காலத்தில் கலத்துக்குள்ளே எதைத் தடுத்தாலும் தடுப்பது புரதம்தான் என்ற நினைப்பு.

1981இல் அந்த நினைப்பு உடைந்தது. அமெரிக்காவின் பெதெஸ்டாவில் ஜுன்-இச்சி தோமிசாவாவும் ததேயோ இத்தோவும் கொல்-ஈ-1 என்ற வேறொரு பிளாஸ்மிட்டில் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் ஒடென்ஸவில் ஸ்ரூகோட், மொலின், நோர்ட்ஸ்ட்ரோம் மூவரும் ஆர்-1இல் கண்டு எழுதினார்கள். தடுப்பான் புரதம் அல்ல, நூறு எழுத்து அளவுள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ. எங்களில் முதல் ஆட்கள் இந்த நகரத்து ரயில் நிலையத்தில் பெட்டியோடு இறங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்த சங்கதி இது. நான் இங்கே தளம் துடைத்த நாட்களில் இது எனக்குத் தெரியாது.

அந்தத் துண்டு எப்படித் தடுக்கிறது என்பதுதான் வானொலியில் பலருக்குச் சிக்கிய இடம். டி.என்.ஏ. இரண்டு இழை. சட்டையின் சிப் போல இரண்டும் எதிரெதிரே பொருந்தும்: ஏ எழுத்துக்கு எதிரே ரி, ஜி எழுத்துக்கு எதிரே சி. ஒரு புரதம் செய்ய வேண்டுமென்றால் கலம் ஒரு இழையைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற ஒற்றை இழைப் பிரதியை எழுதும். அதுதான் பட்டறைக்குப் போகும் கட்டளைச் சீட்டு. சீட்டை வாசித்துப் புரதம் கட்டும் பொறிக்கு ரைபோசோம் என்று பெயர். வழமையில் ஒரு இடத்தில் ஒரு இழையைத்தான் பிரதி எடுப்பார்கள். இங்கே நடப்பது என்னவென்றால், அதே இடத்தில் மற்ற இழையையும், எதிர்த்திசையில், சிறிது தூரம் பிரதி எடுக்கிறார்கள். இப்போது இரண்டு ஆர்.என்.ஏ. உண்டு. ஒன்று கட்டளைச் சீட்டு, மற்றது அதன் ஒரு பகுதிக்கு நேரெதிரான எழுத்துகளைக் கொண்ட துண்டு. இரண்டும் சந்தித்தால் சிப் போலப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சீட்டை யாராலும் வாசிக்க முடியாது. இதனால் அந்தத் துண்டை எதிரிழை ஆர்.என்.ஏ. என்று சொல்லலாம்.

ஆர்-1இல் அந்தக் கட்டளைச் சீட்டு, ரெப்-ஏ என்ற புரதத்துக்கு உரியது. ரெப்-ஏ வந்தால்தான் வளையம் தன்னைப் பிரதி எடுக்கத் தொடங்கும். எதிரிழைத் துண்டுக்குப் பெயர் கொப்-ஏ, ஏறக்குறைய 90 எழுத்து. அது சீட்டின் முன்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ள, ரைபோசோம் ரெப்-ஏயை வாசிக்கத் தொடங்க முடியாமல் நின்றுவிடுகிறது. கொப்-ஏ கூட, ரெப்-ஏ குறையும். ரெப்-ஏ குறைய, பிரதி குறையும்.

இரண்டு துண்டுகளும் முதலில் முட்டும் விதம் அழகானது. ஆர்.என்.ஏ. தனியாக இருக்கும்போது கொண்டை ஊசி போல மடிந்து, நுனியில் ஒரு சிறு வளைவை வைத்திருக்கும். சீட்டிலும் அதே மாதிரி வளைவு. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று தொட்டுச் சில எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். பொருந்தினால்தான் பூட்டு தொடரும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் "முத்தம்". இதை நான் ஒலிபரப்பில் சொன்னபோது அறிவிப்பாளர் தங்கச்சி சிரித்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெயர் என்னுடையது அல்ல, அவர்களுடையது!

இனி, தடுப்பான் ஏன் ஆர்.என்.ஏ.யாக இருக்கிறது? சத்தத்தின் உதாரணத்துக்கே திரும்புவோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகும் அறையில் சத்தம் ஒரு மணி நேரம் எதிரொலித்துக்கொண்டிருந்தால், குசினியில் நிற்கும் நீங்கள் ஏமாந்து போவீர்கள். சத்தம் உடனே அடங்கினால்தான் அது உண்மைச் செய்தி. கொப்-ஏ அப்படித்தான். செய்த மறுநிமிடமே சிதையத் தொடங்கும், அதன் அரை ஆயுள் ஓரிரண்டு நிமிடம். ஆகவே கலத்தில் இருக்கும் கொப்-ஏ முழுவதும் சற்று முன்னர் செய்தது, இந்த நிமிடத்துக் கணக்கு. நீண்ட நேரம் நிலைக்கிற புரதம் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். செலவும் குறைவு. புரதம் கட்டும் வேலையே இல்லை.

ஒரு நேயர், "கலம் இரண்டாகப் பிரிந்தால் சத்தம் பாதியாகி உடனே பிரதி தொடங்குமா?" என்று கேட்டார். கெட்டிக்காரக் கேள்வி. பிரியும்போது வளையங்கள் பாதியாகும்தான், ஆனால் அறையும் பாதியாகிவிடுகிறதே. ஆகவே செறிவு மாறாது. கலம் வளர்ந்து அறை பெரிதாகும்போதுதான் சத்தம் ஐதாகிறது, அப்போதுதான் புதுப் பிரதி வருகிறது. பங்கு பிரித்ததில் ஒரு பிள்ளைக்குக் குறைவாகப் போயிருந்தால் அங்கே சத்தம் உண்மையிலேயே குறைவு, ஆகவே அங்கே பிரதி வேகமாக நடந்து கணக்குச் சமப்படும்.

கொல்-ஈ-1இல் அதே தந்திரம் வேறு விதமாக வருகிறது. அந்த வளையம் தன்னைப் பிரதி எடுக்கச் சொந்தமாகப் புரதம் ஒன்றும் செய்வதில்லை. ஆர்.என்.ஏ.-2 என்ற நீண்ட ஆர்.என்.ஏ. தொடக்கப்புள்ளியில் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொள்ள, ஒரு நொதியம் அதைச் சரியான இடத்தில் வெட்ட, அந்த முனையிலிருந்து புது டி.என்.ஏ. வளரும். எதிரிழையிலிருந்து வருகிற ஆர்.என்.ஏ.-1 என்ற 108 எழுத்துத் துண்டு, ஆர்.என்.ஏ.-2 வளர்ந்துகொண்டிருக்கும்போதே அதைப் பிடித்தால், அது பிழையாக மடிந்து டி.என்.ஏ.யோடு ஒட்ட முடியாமல் போகும். பிந்திப் பிடித்தால் பலனில்லை. பஸ் புறப்பட்ட பிறகு கையைக் காட்டுவது மாதிரி. ரொப் என்ற சிறு புரதம் ஒன்று இந்த இரண்டு துண்டுகளின் பிடிமானத்தை இறுக்கிக் கொடுக்கும். இந்த வளையம் சிறியது, ஆகவே ஒரு கலத்தில் பதினைந்து, இருபது என்று இருக்கலாம்.

இந்தக் குடும்பத்தோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. ஆய்வுகூடங்களில் அதிகம் பாவிப்பது பி.யூ.சி. என்ற பிளாஸ்மிட், கொல்-ஈ-1இன் நெருங்கிய உறவு. அதில் ரொப் புரதத்தை எடுத்துவிட்டார்கள். போதாததற்கு ஆர்.என்.ஏ.-2இல் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அதனால் தடுப்பானின் பிடி தளர்ந்துவிடும். விளைவு, 37 பாகையில் ஒரு கலத்துக்குள் நூற்றுக்கணக்கான வளையம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெரிய குடுவைகளில் இந்தப் பிளாஸ்மிட் உள்ள கிருமியைப் போட்டுவிட்டுச் சனிக்கிழமை காலை வந்து அறுவடை செய்தேன். கிருமி நல்லாய் வளர்ந்திருந்தது. ஆனால் பிளாஸ்மிட் மிகக் குறைவு. இரண்டு முறை திரும்பச் செய்தும் அதே கதை. வெளிநாட்டுக்காரன், புதியவன், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு வயதான டெனிஷ் லபோரன்ட் அம்மா குலுக்கும் பெட்டியின் வெப்பமானியைக் காட்டினார். முதல் வாரம் யாரோ ஈஸ்ட் வளர்ப்பதற்காக அதை 30 பாகையில் வைத்திருந்தார்கள், நான் பார்க்கவில்லை. அந்த ஒற்றை எழுத்து மாற்றம் வெப்பநிலை குறைந்தால் வேலை செய்யாது, ஆர்.என்.ஏ. வேறு மாதிரி மடிந்து தடுப்பானுக்கு மீண்டும் பிடி கொடுத்துவிடும் என்று அவர் ஒரு காகிதத்தில் கீறிக் காட்டினார். எதிரிழை ஆர்.என்.ஏ. என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

இதிலே உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. கலிபோர்னியாவில் 1978இல் முதன்முதலாகப் பற்றீரியாவைக்கொண்டு மனித இன்சுலின் செய்தபோது, செய்முறையைச் சுமந்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்மிட்தான். 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. (டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பற்றீரியாவை அல்ல, ஈஸ்ட்டைப் பாவிக்கிறது. இங்குள்ளவர்கள் என்னைத் திருத்த முதல் நானே சொல்லிவிடுகிறேன்.) கொரோனாக் காலத்தில் எங்களில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசியின் ஆர்.என்.ஏ.யை அச்சிடுவதற்கான மூலப் பிரதியும் ஈ.கோலையில் வளர்த்த பிளாஸ்மிட்தான்.

சரி, மாமியிடம் திரும்புவோம். ஒரே மாதிரிச் சத்தம் போடும் இரண்டு பிளாஸ்மிட்டுகள் ஒரு கலத்துக்குள் அகப்பட்டால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் மற்றதின் சத்தத்தைத் தன் குடும்பத்துச் சத்தமென்றே கேட்கும். மொத்த எண்ணிக்கை இரண்டுக்கு மேல் போகாது, எது பிரதி எடுக்கப்படும் என்பது அதிர்ஷ்டம். சில தலைமுறையில் ஒன்று காணாமல் போய்விடும். இரண்டும் ஒன்றாகக் குடியிருக்க முடியாத இந்தத் தன்மையை வைத்துத்தான் நயோமி டாட்டாவும் கூட்டாளிகளும் 1970களில் எதிர்ப்புப் பிளாஸ்மிட்டுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார்கள். ஆர்-1 இருக்கும் குடும்பத்துக்கு எஃப்-2 என்று பெயர். இன்றைக்கு உலகம் முழுவதும் ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலையில் அதிகம் காணப்படும் எதிர்ப்பு அலகுகளில் ஒன்றான சி.ரி.எக்ஸ்.-எம்-15, அடிக்கடி சவாரி செய்வது இந்த எஃப்-2 குடும்பத்து வளையங்களில். இந்த வகைகளை ஆய்வுகூடத்தில் அடையாளம் காண்பதற்கு வாசிக்கும் எழுத்துகளும் கொப்-ஏயின் எழுத்துகள்தான். மாமிக்கு வந்த கிருமியின் வளையத்தை அவ்வளவு ஆழமாக ஆஸ்பத்திரி பார்க்கவில்லை, வைத்தியத்துக்கு அது தேவையுமில்லை. ஆனால் நாற்பது வருடங்களுக்கு முன் இதே ஊரில் ஆராய்ந்த வளையத்தின் உறவுக்காரனாக அது இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

"மருந்து எடுக்கிறதை நிப்பாட்டினால் அந்த வளையம் தானாய்ப் போகாதோ?" மாமியின் அடுத்த கேள்வி. சில நேரம் மெல்ல மெல்லப் போகும். ஆனால் ஆர்-1 போன்றவற்றிடம் ஒரு பொல்லாத ஏற்பாடு இருக்கிறது. 1986இல் கென் கேர்டெஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் கண்டது. வளையம் ஹொக் என்ற நஞ்சுப் புரதத்துக்கான சீட்டை எழுதிவைக்கிறது. அந்தச் சீட்டு நீண்ட நேரம் அழியாது. கூடவே சொக் என்ற எதிரிழை ஆர்.என்.ஏ. ஒன்று, அது சீட்டைப் பூட்டி நஞ்சு வராமல் காக்கும், ஆனால் கெதியில் சிதைந்துவிடும். வளையம் கலத்தில் இருக்கும்வரை சொக் புதிதாக வந்துகொண்டே இருக்கும், பிரச்சினையில்லை. வளையம் கிடைக்காமல் பிறந்த பிள்ளைக் கலத்தில் புதுச் சொக் இல்லை. பழையது கரைந்துவிடும், சீட்டு மிஞ்சும், நஞ்சு வரும், கலம் சாகும். தன்னை விட்டுப் பிரிந்தவனை உயிரோடு விடாத வளையம்! எங்களில் பலருக்கு இந்தக் கதை வேறு சிலவற்றையும் ஞாபகப்படுத்தும், அதை நான் இங்கே நீட்டவில்லை.

ஒன்றாகக் குடியிருக்க முடியாத தன்மையைத் திருப்பிப் பாவிக்கலாமே என்ற யோசனையும் உண்டு. எதிர்ப்பு அலகு இல்லாத, ஆனால் அதே சத்தம் போடுகிற ஒரு செயற்கைப் பிளாஸ்மிட்டைக் கிருமிக்குள் புகுத்தினால், கெட்ட வளையம் பிரதி எடுக்க முடியாமல் கழன்றுவிடும். ஹொக் நஞ்சால் கலம் செத்துப்போகாமல் இருக்க, அதற்கான முறிமருந்தையும் அதே பிளாஸ்மிட்டில் சேர்த்துவிட வேண்டும். பேமிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் தோமஸின் குழு இந்த வழியில் பல வருடமாக முயன்று, 2020இல் தானாகவே கிருமிக்குக் கிருமி பரவும் ஒன்றைப் பற்றி எழுதியது. மருந்துக்கடைக்கு வரும் நிலையில் அது இல்லை. ஆகவே அதை நம்பி யாரும் இருக்க வேண்டாம்.

முதலில் விட்டுவந்த கேள்வி, கிணற்றுத் தண்ணீர். நெதர்லாந்தில் ஏறக்குறைய 2000 பயணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. தெற்காசியாவுக்குப் போய்வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இந்த வகைக் கிருமியைக் குடலில் கொண்டு திரும்பினார்கள். இவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல, நெதர்லாந்தில் வாழ்பவர்கள், பெரும்பாலோர் உல்லாசப் பயணிகள். பயணத்தில் வயிற்றோட்டம் வந்தவர்களுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதலாக இருந்தது. பெரும்பாலோருக்கு எந்த நோயும் வராது. பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் போய்விட்டது, நூற்றுக்குப் பதினொரு பேரிடம் ஒரு வருடத்துக்குப் பிறகும் இருந்தது. வைத்தியர் "வெளிநாடு போனீர்களா?" என்று கேட்பது இதற்காகத்தான். அவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். சொன்னால் முதல் நாளே சலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிச் சரியான மருந்தைத் தெரிவு செய்வார். மாமி சொல்லியிருந்தால் அந்த மூன்று நாள் காய்ச்சல் மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம் கேட்டபிறகு மாமி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் பேரப்பிள்ளையளுக்குச் சோறு குழைச்சுக் குடுக்கக் கூடாதோ?" என்று கேட்டார். அவர் அதுவரை கேட்ட எல்லாவற்றிலும் அவருக்கு முக்கியமான கேள்வி இதுதான் என்பது குரலிலேயே தெரிந்தது. அதே நெதர்லாந்து ஆய்வில், ஒரு வீட்டுக்குள் இன்னொருவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று கணித்திருந்தார்கள். வீட்டு வைத்தியரிடம் கேட்டோம். மலசலகூடத்துக்குப் போய்வந்த பிறகும் சமைக்க முன்பும் சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவினால் போதும், குழைத்துக் கொடுக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி தன் பயணப் பெட்டியைத் திறந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் துண்டு இல்லாமல் வாங்கிய அமொக்சிசிலின் கப்சியூல் இரண்டு அட்டையை எடுத்துத் தந்தார். "தடிமனுக்கு உதவுமெண்டு கொண்டந்தனான்." தடிமனுக்கு அது உதவாது. குடலில் வளையமில்லாத நல்ல கிருமிகளை அழித்து, வளையம் உள்ளதுக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதுதான் அது செய்கிற வேலை. நான் அவற்றை அப்போதெக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி கையைக் கழுவிவிட்டு வந்து, "காணுமோ?" என்று என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் நின்றார்கள்.